தண்ணி ஊத்தினா எரியுற விளக்கு: குகைக்குள்ள கார்பைடு லைட்டு

விக்கிரமசிங்கபுரத்துல இருந்து ஒரு தம்பி கேட்டிருக்காரு: "அண்ணாச்சி, வெளிநாட்டுல குகைக்குள்ள போறவங்க பழைய படத்துல எல்லாம் ஹெல்மெட்ல தீ எரியுது. தண்ணி ஊத்தினா எரியுற விளக்குன்னு சொல்லுதாவ. நெசமா? நாம வீட்டுல செஞ்சு பாக்கலாமா?"

நெசந்தான் தம்பி. ஆனா எரியுறது தண்ணி இல்ல. தண்ணி பட்டதும் கல்லுல இருந்து ஒரு வாயு வருது, அதுதான் எரியுது. அந்தக் கல்லு உங்களுக்குத் தெரிஞ்சதுதான். மாம்பழத்தைக் கல்லு வச்சுப் பழுக்க வைக்காவன்னு சொல்லுதோம்லா, அதே கார்பைடு கல்லு. பழத்துக்கு வைக்கக் கூடாதுன்னு சட்டமே இருக்கு, அதையும் ஞாபகம் வச்சுக்கிடுங்க.

இந்தா, அந்த விளக்கைக் கையில வச்சிருக்கேன் பாருங்க. பித்தளை. உள்ளங்கையில அடங்கிரும். இப்படித் திருகினா ரெண்டாப் பிரியும். கீழ் டப்பாவுல கல்லு, பாதிக்கு மேல போடக் கூடாது, ஏன்னா கரைஞ்சு வரும்போது ஊதிப் பெருசாவும். மேல தண்ணி. உச்சியில இருக்க இந்தச் சின்னக் கைப்பிடியை ஒவ்வொரு பல்லாத் தள்ளினா, தண்ணி சொட்டுச் சொட்டா கல்லு மேல விழும். அசிட்டிலின் வாயு கிளம்பி, நடுவுல வடிகட்ட வச்சிருக்க வட்டத் துணியைத் தாண்டி, இந்தா ஊசிமுனை அளவு ஓட்டை இருக்குல்லா, இது வழியா வெளிய வரும். சொட்டு கூடினா தீ நீளும், கொறைஞ்சா சுருங்கும். அவ்வளவுதான் சூட்சுமம்.

பொருத்துறது எப்படின்னா, ஓட்டையைச் சுத்தி வெளிச்சத்தை முன்னால திருப்ப ஒரு பளபளத் தட்டு இருக்குல்லா, இந்த ரிஃப்ளெக்டரை உள்ளங்கையை வச்சு மூடிக்கிடணும். ரெண்டு செகண்டுல உள்ள கேஸ் சேர்ந்துரும். கையை அப்படியே இழுத்தா ஓரத்துல இருக்க சக்கரம் உருண்டு பொறி பறக்கும். டப்புன்னு ஒரு சத்தம், தீ பிடிச்சு நின்னு எரியும்.

வெளிச்சம் ஏன் அவ்வளவு வெள்ளையா இருக்கு? அந்த வாயுவோட எடையில 100-க்கு 92 பங்கு கரி. தீக்குள்ள கரித்தூள் பழுத்து மின்னுது. காத்து பத்தலைன்னா அதே கரி புகையாப் போயி குகைச் சுவர்ல அப்பிக்கிடும்.

கனடாக்காரர் தாமஸ் வில்சன் 1892-ல, அமெரிக்காவுல, மின் உலையில சுண்ணாம்பையும் கரிச்சரக்கையும் சேர்த்துக் காய்ச்சினாரு. அவரு தேடினது உலோகம், கிடைச்சது இந்தக் கல்லு. நம்ம தாழையூத்துல தோண்டுதாவளே சுண்ணாம்புக்கல்லு, அதைச் சுட்டா வார சுண்ணாம்புதான் இதுக்கு மூலம்.

குகைன்னதும் மறுகால்தலை சமணர் படுக்கையை நினைக்காதீங்க, அங்க பகல் வெளிச்சமே போதும். நான் சொல்லுறது ஆந்திராவுல பேலம் மாதிரி, 3 கிலோமீட்டருக்கு மேல உள்ள போற சுண்ணாம்புக் குகை. அங்க ஒரு தடவை போட்ட கல்லு ரெண்டு மூணு மணி நேரம் வரும். வெளிச்சம் ஒரே இடத்துல குத்தாம நாலாபக்கமும் பரவும். டப்பா சூடா இருக்கும், வெளிநாட்டுக் குகைக் குளிருல விறைச்ச கையை அதுல வச்சுக் காய்ஞ்சுக்கிடுவாவ. தண்ணி தீந்து போயி மூத்திரத்தை ஊத்தி எரிய வச்சு வெளிய வந்தவங்களும் உண்டு. அவங்க இந்த விளக்கு மேல வச்சிருந்த பிரியம் எனக்குப் புரியுது.

ஆபத்தும் உண்டு. தொங்குற நைலான் கயித்துல இந்தத் தீ பட்டா உருகி அறுந்துரும். மெழுகுவர்த்தி அணையுற கெட்ட காத்துலயும் இது எரிஞ்சுக்கிட்டே இருக்கும், அதனால தீ எரியுது காத்து நல்லாருக்குன்னு நம்பக் கூடாது. மீத்தேன் கசியுற நிலக்கரிச் சுரங்கத்துக்குள்ள கொண்டு போறதே உயிருக்கு வினை.

எனக்கு மனசு கஷ்டப்படுறது கடைசில மிஞ்சுற சாம்பல் நெறச் சுண்ணாம்பை நினைச்சுத்தான். ஒரு காலத்துல அதைக் குகைக்குள்ளயே கொட்டிட்டு வந்திருக்காவ. கண்ணே இல்லாத பூச்சி, வெள்ளை எறா எல்லாம் வாழுற தண்ணியில அந்தக் காரம் எறங்கினா என்னாவும்? எல்இடி வந்தபிறகு நெறையக் குகையில இந்த விளக்குக்கே தடை போட்டுட்டாவ. அது சரிதான்.

அந்த மிச்சத்தைக் காத்து போவாத டப்பாவுல அடைச்சாலும் தப்பு. எங்க அப்பா பாளையங்கோட்டையில கேஸ் வெல்டிங் பட்டறை வச்சிருந்தாவ. அந்தச் சுண்ணாம்புக் குழம்பை அக்கம்பக்கத்துல வெள்ளையடிக்க வாங்கிட்டுப் போவாவ. நான் சின்னப்பயலா இருக்கும்போது, பாதி கரையாத குழம்பை ஒரு பெயிண்டு டப்பாவுல அள்ளி மூடியை அடிச்சு எறக்கிட்டேன். சாயங்காலம் மூடி தெறிச்சு ஓட்டைத் தாக்கி ரெண்டு ஓடு ஒடைஞ்சு விழுந்துச்சு. பக்கத்துல பீடி குடிக்க ஆளு யாரும் இல்ல, பொழச்சோம்.

அதனால வீட்டுல செய்யாதீங்க தம்பி. காத்துல 100-க்கு ரெண்டரைப் பங்கு இந்த வாயு கலந்தாலே தீப்பிடிக்கும், 80 பங்கு கலந்தாலும் பிடிக்கும். பாட்டில், பைப்புன்னு அடைச்சு விளையாண்டா கண்ணு போயிரும். பாக்க ஆசையா இருந்தா ஒரு நாள் பட்டறைக்கு வாங்க. வெட்டவெளியில வச்சு நானே பொருத்திக் காட்டுதேன்.