இஞ்சாருங்கோ

வணக்கம் நேயர்களே.

மாசி மாதம் பிறந்துவிட்டது. பரந்தனில் இருந்து பூநகரிப் பக்கம் போனால் ரோட்டின் ஒரு கரை முழுக்க நெல் காய்கிறது. படங்கை விரித்து, நெல்லைப் பரப்பி, காலால் கிளறிக் கிளறி நடக்கிறார்கள். காலபோக நெல் வெட்டு, அதுதான் அறுவடை, நடக்கிற நேரத்தில் புருசனும் பெண்சாதியும் இருந்து கதைக்க நேரமில்லை என்று ஒருவர் சொன்னால் நான் மறுக்க மாட்டேன். வெட்டு மெசினுக்குச் சொல்லிவைத்தால் அது பகல் 2 மணிக்கும் வரும், இரவு 11 மணிக்கும் வரும். மேற்கே கொஞ்சம் இருட்டினாலே நெஞ்சு இடிக்கத் தொடங்கிவிடும். வீட்டில் பிள்ளைகளின் பள்ளிக்கூடம், சமையல், மாடு, கோழி, கிழமைக்கு ஒருமுறை கட்ட வேண்டிய கடன். இதற்குள் அன்பாய் இருங்கள் என்று வானொலியில் வந்து சொல்ல இவ யார் என்று நீங்கள் கேட்கலாம்.

நான் கிளிநொச்சி மாவட்டத்தில் 30 வருடங்களுக்கு மேல் குடும்பநல உத்தியோகத்தராக இருந்து ஓய்வு பெற்றவள். சனம் எங்களை மிஸி என்று கூப்பிடும். கர்ப்பவதியைப் பதியவும், பிறந்த பிள்ளையைப் பார்க்கவும் வீடு வீடாகப் போனேன். அடுப்படி வரைக்கும் போகிற உத்தியோகம் அது. ஒரு வீட்டில் கால் மணித்தியாலம் இருந்தால் போதும், அங்கே இரண்டு பேரும் எப்படி இருக்கிறார்கள் என்று விளங்கிவிடும். அவர்கள் என்னோடு கதைப்பதை வைத்து இல்லை. ஒருவர் கூப்பிட மற்றவர் என்ன செய்கிறார் என்பதை வைத்து.

எங்கள் பக்கத்தில் மனைவி கணவனைப் பேர் சொல்லிக் கூப்பிடுவது குறைவு. ‘இஞ்சாருங்கோ’ என்பாள். அவர் ‘இஞ்சாரும்’ என்பார். இங்கே பாருங்கோ, இங்கே பாரும் என்பதுதான் வாயில் தேய்ந்து தேய்ந்து இப்படி ஆகியிருக்கிறது. ஒரு நாளைக்கு எத்தனை தடவை இந்தச் சொல்லைச் சொல்கிறோம்! கூப்பிட்டுச் சொல்கிற விசயமும் பெரிதாக இருக்காது. இஞ்சாருங்கோ, முருங்கை பூத்திட்டுது. இஞ்சாரும், இண்டைக்குச் சந்தையிலை கத்தரிக்காய் என்ன விலை தெரியுமே? கத்தரிக்காய் விலை தெரியாமல் யாரும் கவலைப்படுவதில்லை. என்னை ஒருக்கால் பாரும் என்றுதான் கேட்கிறார். அந்த நேரம் முகம் கொடுக்கிறோமா இல்லையா என்பதைப் பற்றித்தான் இன்றைக்கு நான் பேச வந்தது.

இதை ஆராய்ந்தும் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஜோன் கொட்மன் என்ற உளவியலாளர், புதிதாக மணமுடித்த சோடிகள் சாதாரணமாக இருக்கும்போது ஒருவரை ஒருவர் எப்படிக் கூப்பிடுகிறார்கள், மற்றவர் என்ன மறுமொழி கொடுக்கிறார் என்று கவனித்தார். 6 வருடம் கழித்து அதே சோடிகளைத் திரும்பத் தேடினார். சேர்ந்து இருந்தவர்கள், இப்படியான சின்னச் சின்ன அழைப்புகளில் நூற்றுக்கு 86க்கு முகம் கொடுத்தவர்கள். பிரிந்து போனவர்கள் நூற்றுக்கு 33க்குத்தான். அது வேறு நாடு, வேறு பழக்கம். ஆனாலும் இதைக் கேள்விப்பட்டபோது நான் போய்வந்த வீடுகள்தான் வரிசையாக என் கண்ணுக்குள் வந்தன. அதிலே என்னுடைய வீடும் இருந்தது.

என் கணவர் இரணைமடுக் குளத்தின் கீழ் 3 ஏக்கர் வயல் செய்கிறவர். பின்னேரம் வயலால் வந்தால் முற்றத்தில் நின்றபடியே கூப்பிடுவார். “இஞ்சாரும், நெல்லு குடலைக்கு வந்திட்டுது, வந்து பாரும்.” குடலை என்றால் கதிர் வெளியே வர முன்னம் தண்டுக்குள் திரள்கிற பருவம். கையில் ஒரு பயிர் பிடுங்கிக்கொண்டு வந்திருப்பார். நான் விறாந்தையில் இருந்து பதிவேடு எழுதிக்கொண்டிருப்பேன். போர் முடிந்து மீள்குடியேறிய அந்த வருடங்களில் எங்களுக்கு ஆள் பற்றாக்குறை, இரண்டு பிரிவை ஒருவர் பார்த்தோம். தலை நிமிராமல் “ம்ம், வையுங்கோ, பிறகு பாக்கிறன்” என்பேன். பிறகு நான் பார்த்ததில்லை. அந்தப் பயிர் விறாந்தைக் கட்டிலேயே கிடந்து வாடும். காலையில் கூட்டி அள்ளுகிறதும் நான்தான்.

ஒரு மார்கழியில் பக்கத்து வீட்டு அக்கா வேலியால் எட்டிப் பார்த்து, “மிஸி, குளத்திலை வான் கதவு திறந்திட்டாங்களாம், உங்கடை அவரும் பாக்கப் போனவராம், சொல்லேல்லையே?” என்றா. குளம் நிரம்பி மிச்சத் தண்ணீர் வெளியே பாய்கிறதைத்தான் வான் பாய்கிறது என்போம். இரணைமடு வான் பாய்கிறது என்றால் எங்கள் ஊருக்கு அது திருவிழா மாதிரி. அந்தச் செய்தியை ஓடிவந்து எனக்கு முதலில் சொல்கிற மனுசன், எனக்குச் சொல்லாமல் போயிருந்தார். கோபம் ஒன்றும் இல்லை. சண்டையும் இல்லை. கூப்பிட்டுக் கூப்பிட்டுக் களைத்து, கூப்பிடுகிறதை விட்டுவிட்டார். எப்போது விட்டார் என்றுகூட எனக்குத் தெரியவில்லை. அதுதான் என்னைச் சுட்டது.

அன்றைக்குப் பின்னேரம் இரண்டு கோப்பையில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு போய் மாமரத்தடியில் அவருக்குப் பக்கத்தில் இருந்தேன். “நாளைக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போங்கோவன், வான் பாயிறதைப் பாக்க” என்றேன். “உமக்கு நேரமிருக்கோ?” என்று கேட்டார். குத்திக் கேட்கவில்லை, உண்மையாகவே கேட்டார். போய்ப் பார்த்தோம். உடனே எல்லாம் சரியாகிவிட்டது என்று சொன்னால் பொய். அவர் திரும்ப முற்றத்தில் நின்று ‘இஞ்சாரும்’ என்று கூப்பிட இரண்டு மாதம் எடுத்தது. அந்த இரண்டு மாதமும் நான் செய்ததெல்லாம் ஒன்றுதான். அவர் வீட்டுக்கு வருகிற சத்தம் கேட்டால் பேனையை வைத்துவிட்டு எழும்பி வாசலுக்குப் போவேன். அதற்கு ஒரு நிமிசம்கூட ஆகாது. எழுத்து வேலை ஒன்றும் அதனால் பிந்தவில்லை.

இதே மனுசன், 2009இல் போரால் இடம்பெயர்ந்து செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் இருந்தபோது விடியப்புறம் 3 மணிக்கு வாளியைத் தூக்கிக்கொண்டு தண்ணீர் வரிசைக்குப் போவார். “நீர் படும், நான் நிக்கிறன்” என்பார். எனக்குக் கிடைத்த பிஸ்கற்றில் பாதியை நான் அவருக்கு ஒளித்து வைப்பேன். ஒரு தறப்பாளுக்குக் கீழே ஒருவரை ஒருவர் அப்படிப் பார்த்தோம். பிறகு ஊருக்கு வந்தோம். இந்திய வீட்டுத் திட்டத்தில் ஒரு வீட்டுக்கு 5 லட்சத்து 50 ஆயிரம் ரூபா தந்தார்கள். அது போதாமல் கடன் பட்டு, நகை அடகு வைத்துக் கட்டி முடித்த வீடுகள் எத்தனை என்று எனக்குத் தெரியும். கதவு, ஜன்னல், சீமெந்து நிலம் எல்லாம் வந்தது. அந்தக் கடனைக் கட்ட ஓடத் தொடங்கினவர்கள்தான் நாங்கள், இன்னும் ஓடுகிறோம். தறப்பாளுக்குக் கீழே இருந்த நெருக்கம் ஓட்டு வீட்டுக்குள் ஏன் வரவில்லை என்று என்னிடம் கேட்ட பெண்கள் பலர். யாரும் கெட்டுப்போகவில்லை, பிள்ளை. பார்க்கிறதை விட்டுவிட்டோம்.

நேரமே இல்லாத ஒரு வீட்டைப் பற்றிச் சொல்கிறேன். அவள் காமன்றுக்கு, உடுப்புத் தைக்கிற தொழிற்சாலைக்கு, வேலைக்குப் போகிறவள். காலை ஐந்தரைக்குப் பஸ் எடுக்க வேண்டும், பஸ் நிற்கிற சந்திக்கு இரண்டு கிலோமீற்றர் சைக்கிள் ஓட்டம். அவன் வெட்டு மெசின் ஓட்டுகிறவன், சீசனுக்கு இரவிரவாக வேலை. மாசி, பங்குனியில் ஒருவர் வரும்போது மற்றவர் போவார். ஒருமுறை அவன் மெசினோடு மன்னார்ப் பக்கம் இரண்டு கிழமை போய்விட்டான். நாலாம் நாள் சைக்கிள் ரயரில் காற்றில்லை. இவள் உருட்டிக்கொண்டு ஓடி, பஸ்ஸையும் விட்டுவிட்டு, ரோட்டில் நின்று அழுதாளாம். “மிஸி, கலியாணம் முடிச்சு மூண்டு வருசம், நான் ஒரு நாளும் காத்தடிச்சதில்லை. சைக்கிளுக்குக் காத்துப் போறதில்லை எண்டு நினைச்சுக்கொண்டு இருந்திருக்கிறன்.” வேலையால் வந்து படுக்க முன்னம், இருட்டுக்குள் அவன் தினமும் ரயரை அமத்திப் பார்த்திருக்கிறான். சொன்னதில்லை. அவன் திரும்பி வந்த அன்று அவள் குரக்கன் புட்டு அவித்து, அவனுக்குப் பிடித்த மாசிக் கருவாட்டுச் சம்பலும் இடித்து, மூடி வைத்துவிட்டு வேலைக்குப் போனாளாம். மூடியின் மேல் காற்றடிக்கிற பம்மை எடுத்து வைத்துவிட்டுப் போனாளாம். அவனுக்கு விளங்கியிருக்கிறது.

முல்லைத்தீவில் நந்திக்கடலில் இறால் பிடிக்கிற ஒருவர், ஏலம் கூறி விற்க முன்னமே ஒரு கை இறாலைத் தனியாக எடுத்துவைப்பார். விலை எவ்வளவு ஏறினாலும் அந்தக் கை வீட்டுக்குத்தான். “மனுசிக்கு” என்று ஒரு சொல், அவ்வளவுதான். கட்டாருக்குப் போன கணவன்மாரும் இருக்கிறார்கள். அவர்களுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றுதான் உண்டு: போன் எடுத்தவுடனே காசு வந்ததா என்று கேட்காமல், சாப்பிட்டீரோ என்று கேளுங்கள்.

வாயால் அன்பு சொல்கிற பழக்கம் எங்களிடம் குறைவு. மாமா, மாமி, பிள்ளைகள் எல்லாரும் இருக்கிற வீட்டில் கூச்சமும் இருக்கும். அதை நான் குறையாகச் சொல்ல மாட்டேன். நல்லாயிருக்கு என்று சாப்பாட்டைச் சொல்லக் கூச்சமென்றால், இன்னும் கொஞ்சம் போடும் என்று சாப்பாட்டுக் கோப்பையை நீட்டலாம். ஆனால் ஆண்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அவள் செய்கிற வேலை எல்லாம் கண்ணுக்குத் தெரியாமல் முடிகிற வேலை. கூட்டின முற்றத்தில் பின்னேரம் திரும்பச் சருகு விழும். கண்டேன் என்று நீங்கள் காட்டாவிட்டால் அதை வேறு யாரும் காணப் போவதில்லை.

இன்னொன்றையும் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். அடி விழுகிற வீட்டுக்கு இந்தப் பேச்சு இல்லை. குடித்துவிட்டு அடிக்கிறவனுக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்துத் திருத்து என்று நான் எந்தப் பெண்ணுக்கும் சொல்ல மாட்டேன். 1938 என்ற பெண்கள் உதவித் தொலைபேசி இலக்கத்துக்கு எடுங்கள். அரசாங்க மருத்துவமனைகளில் நட்பு நிலையம் என்று ஓர் இடம் இருக்கிறது, அங்கே போய்க் கதைக்கலாம். உங்கள் பகுதி மிஸியிடமும் சொல்லுங்கள்.

கேட்டுக்கொண்டிருக்கிறவர்களில் துணையை இழந்தவர்களும் இருப்பீர்கள். வன்னியில் அப்படி இல்லாத ஒழுங்கை இல்லை. உங்களை மறந்து நான் இதைப் பேசவில்லை. புதுக்குடியிருப்பில் ஒரு தாய் எனக்குச் சொன்னா: “அவர் இருக்கேக்கை தேத்தண்ணியைத் திண்ணையிலை வைச்சிட்டுப் போயிடுவன் மிஸி. கையிலை குடுத்திருக்கலாம்.” அதற்கு மறுமொழி சொல்ல எனக்குத் தெரியவில்லை. அவவின் கையைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். அன்றைக்கு வீட்டுக்கு வந்ததில் இருந்து கோப்பையைக் கையில்தான் கொடுக்கிறேன்.

எனக்குத் தந்த நேரம் முடிகிறது. என்னுடைய மனுசன் இப்போது ரோட்டுக் கரையில் நெல்லுக்குக் காவல் இருக்கிறார், பக்கத்தில் சின்ன ரேடியோவும் இருக்கும்.

இஞ்சாருங்கோ, கிழக்காலை கறுக்குது, படங்கை இழுத்து மூடிவிடுங்கோ. சாப்பாடு மேல்தட்டிலை இருக்கு. நான் அடுத்த பஸ்ஸிலை வாறன்.

வணக்கம்.