அரிப்பை அளக்கும் சர்க்யூட்: தண்ணீர் மாறினால் கணக்கும் மாறும்

வணக்கம் நேயர்களே. சென்னையின் அடுக்குமாடிச் சம்புகளில் மெட்ரோ வாட்டர், லாரித் தண்ணீர், போர்வெல் தண்ணீர் என்று மாறி மாறி இறங்குகின்றன. மெட்ரோ வாட்டரிலேயே ஏரி நீரும் உண்டு. 2010 முதல் மீஞ்சூரிலும் 2013 முதல் நெம்மேலியிலும் கடலிலிருந்து நன்னீராக்கும் நீரும் உண்டு. இவை இரும்பை ஒரே வேகத்தில் அரிப்பதில்லை. அந்த வேகத்தை அளக்கும் சர்க்யூட்டைக் கேலிபரேட் செய்வது பற்றி இன்று பேசுகிறேன்.

தண்ணீரில் மூழ்கிய இரும்புக்கு இயல்பாக ஒரு மின்னழுத்தம் இருக்கும். அதை 10 மில்லிவோல்ட் மேலும் கீழும் நகர்த்தி, ஓடும் மின்னோட்டத்தை அளக்கிறோம். இரண்டின் விகிதம்தான் முனைவாக்க மின்தடை. ஸ்டெர்ன், கியரி என்ற ஆய்வாளர்கள் 1957இல் தந்த சூத்திரப்படி, B என்ற மாறிலியை இந்தத் தடையால் வகுத்தால் அரிப்பு மின்னோட்டம். இரும்புக்கு B 26 மில்லிவோல்ட் என்று தொடங்கலாம். 5 சதுர செ.மீ. மின்முனை 520 ஓம் காட்டினால் மின்னோட்டம் 50 மைக்ரோஆம்பியர். அதாவது ஆண்டுக்குச் சுமார் 0.116 மி.மீ. அரிப்பு.

முதலில் தண்ணீர் வேண்டாம். ரிச்சி ஸ்ட்ரீட்டில் 0.1 சதவீதத் துல்லியமுள்ள 1 கிலோஓம் ரெசிஸ்டர் கிடைத்தால் வாங்குங்கள். ஒரு முனையில் வொர்க்கிங் வயர், அதாவது அரிப்பை அளக்க வேண்டிய இரும்புக்குப் போவது. மறுமுனையில் ரெஃபரன்ஸ் (மின்னழுத்தத்தை ஒப்பிடும் மின்முனைக்கானது), கவுண்டர் (மின்னோட்டத்தைச் செலுத்தும் மின்முனைக்கானது) இரண்டையும் சேர்த்துக் கட்டுங்கள். 10 மில்லிவோல்ட் கொடுத்தால் 10 மைக்ரோஆம்பியர் வர வேண்டும். ஒரு பக்க அளவை மட்டும் நம்பாதீர்கள். ஆப்-ஆம்ப் என்ற பெருக்கிச் சிப்பின் ஆஃப்செட், அதாவது உள்ளீட்டிலேயே இருக்கும் மின்னழுத்தப் பிழை, 1 மில்லிவோல்ட் இருந்தாலே 10 சதவீதம் பிழை. மேலும் கீழும் அளந்து சாய்வை எடுத்தால் அது கழிந்துவிடும். ரெஃபரன்ஸ் உள்ளீட்டுக்கு 741 என்ற பழைய ஆப்-ஆம்ப் வேண்டவே வேண்டாம். அது இழுக்கும் மின்னோட்டம் ரெஃபரன்ஸ் மின்முனையையே நகர்த்திவிடும். மிகக் குறைவாக மின்னோட்டம் இழுக்கும் டிஎல்072 போன்ற ஜெஃபெட் உள்ளீடு நல்லது. நம் ஊர்ப் புழுக்கத்தில் போர்டின் மேல் சாலிடர் ஃப்ளக்ஸ் மிச்சமிருந்தால் கசிவு வரும்; ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, உலர்த்தி, மேல்பூச்சு கொடுங்கள்.

அடுத்து வேகம். விநாடிக்கு 0.167 மில்லிவோல்ட் என்பது வழக்கமான ஸ்கேன் வேகம், அதாவது மின்னழுத்தத்தை நகர்த்தும் வேகம். அவசரப்பட்டு விநாடிக்கு 10 மில்லிவோல்ட் ஓட்டினால் என்ன ஆகும்? இந்த மின்முனைப் பரப்பின் மின்தேக்கம் 100 மைக்ரோஃபாரட் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை நிரப்பவே 1 மைக்ரோஆம்பியர் போகும். தடை 10 கிலோஓம் உள்ள மெதுவான அரிப்பில் 10 மில்லிவோல்ட் நகர்வுக்கு உண்மையாக ஓடும் மின்னோட்டமும் 1 மைக்ரோஆம்பியர்தான். ஆக, அரிப்பு இரு மடங்காகத் தெரியும்.

பெரும்பாலோர் தவறுவது அடுத்த இடத்தில். கருவி காட்டும் தடையில் தண்ணீரின் தடையும் சேர்ந்திருக்கிறது. கடத்துதிறன் செ.மீ.க்கு 2000 மைக்ரோசீமென்ஸ் உள்ள போர்வெல் நீரில் அது 100 ஓம் என்றால், 200 உள்ள நீரில் 1000 ஓம். இரும்பின் தடை அதே 520 ஓம்தான். கருவியோ முதலில் 620, பிறகு 1520 காட்டும். அரிப்பு சுமார் ஐந்தில் இரண்டு பங்காகக் குறைந்ததாக நினைத்து ஏமாந்துவிடுவோம். ரெஃபரன்ஸை இரும்புக்கு அருகில் வைத்தால் பிழை சிறுக்கும்; மிச்சத்தை 1 கிலோஹெர்ட்ஸ் சிறு மாறுமின்சாரத்தால் அளந்து கழியுங்கள். தண்ணீர் மாறும்போதெல்லாம் இதைத் திரும்பச் செய்தே ஆக வேண்டும்.

கடைசியாக B. அதே உலோகத்தில் எடை போட்ட தகட்டுத் துண்டைச் சென்சாருக்கு அருகில் 30 நாள் மூழ்க வையுங்கள். எடை இழப்பு மில்லிகிராமை 87.6ஆல் பெருக்கி, அடர்த்தி (கன செ.மீ.க்கு கிராம்), பரப்பு (சதுர செ.மீ.), மூழ்கிய மணிநேரம் மூன்றின் பெருக்கலால் வகுத்தால் ஆண்டுக்கு மி.மீ. 20 சதுர செ.மீ. இரும்புத் துண்டு 100 மில்லிகிராம் இழந்தால் சுமார் 0.077. முதல் சில நாள் அரிப்பு வேகமாக இருக்கும். அதனால் 30 நாள் முழுக்கச் சென்சார் பதிந்த அளவுகளின் சராசரியோடுதான் இதை ஒப்பிட வேண்டும். இரண்டும் ஒத்துப்போகும்படி B-யைத் திருத்துங்கள். துருவை அமிலத்தில் நீக்கும்போது நல்ல இரும்பும் கொஞ்சம் கரையும். எனவே மூழ்காத துண்டு ஒன்றையும் அதே அமிலத்தில் அதே நேரம் போட்டெடுத்து, அது இழந்த எடையைக் கழித்துக்கொள்ளுங்கள். வணக்கம்.