எந்தக் கோட்டை, எந்த அவர்?

நேயர்களுக்கு வணக்கம்.

இங்கிலீஷில் இருக்கிற ரொம்பச் சின்ன சொற்களைப் பற்றிப் பேசச் சொல்லி நிலையத்தார் அழைத்திருக்கிறார்கள். எ, ஆன், தி என்கிற மூன்று ஆர்ட்டிகிள்கள் ஒரு பக்கம். ஐ, யூ, வீ, ஹீ, ஷீ, இட், தே என்கிற ப்ரோநவுன் கூட்டம் இன்னொரு பக்கம். பள்ளிக்கூடத்தில் இவற்றைக் கோடிட்ட இடமாகத்தான் சொல்லித் தருகிறோம். வேலூர்ப் பக்கத்து அரசுப் பள்ளிகளில் நானும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தேன். பிள்ளைகள் கோடிட்ட இடத்தைச் சரியாக நிரப்பிவிடுவார்கள். அதே பிள்ளையை நாலு வரி சொந்தமாக எழுதச் சொன்னால் ‘தி’ மொத்தமும் காணாமல் போயிருக்கும். கோடு போட்டிருந்தால்தானே அங்கே ஏதோ வேண்டும் என்று தெரியும்!

வேலூரைப் பற்றி ஒரு பழைய கேலி உண்டு. ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், தண்ணி இல்லாத ஆறு என்பார்கள். 1981-ல் ஜலகண்டேஸ்வரர் கோட்டைக்குள் திரும்பி வந்துவிட்டதால் இரண்டாவது இப்போது செல்லாது. மூன்றாவது, பாலாற்றில் வெள்ளம் வருகிற வருஷங்களைத் தவிர, இன்னும் செல்லுபடியாகிறது. இந்தக் கேலியை இங்கிலீஷில் சொல்லிப் பாருங்கள். எ ஃபோர்ட் விதவுட் எ கிங், எ டெம்பிள் விதவுட் எ காட், எ ரிவர் விதவுட் வாட்டர். கிங்குக்கு முன்னால் எ வருகிறது, காட் முன்னாலும் வருகிறது, வாட்டருக்கு முன்னால் மட்டும் இல்லை. ராஜாவை ஒருவர், இருவர் என்று எண்ணலாம். சாமியும் அப்படித்தான், நம் ஊரில் கேட்கவே வேண்டாம். தண்ணீரை எண்ண முடியாது. அதனால் எ கிடையாது. ரைஸ், லெதர், அட்வைஸ், ஃபர்னிச்சர், லக்கேஜ், இன்ஃபர்மேஷன் எல்லாம் இந்தத் தண்ணீர் ஜாதிதான். ‘டூ லக்கேஜஸ்’ என்று சொல்வது காட்பாடி ஸ்டேஷனில் தினமும் காதில் விழும். ‘டூ பேக்ஸ்’ என்றால் வேலை முடிந்தது.

இன்னொன்று. எ காட் என்றால் பல சாமிகளில் ஒரு சாமி. வெறும் காட் என்றால் கடவுள். அங்கே அது பெயர் மாதிரி ஆகிவிடுகிறது. பெயருக்கு முன்னால் நாம் எ போடுவதில்லையே.

சரி, தி எப்போது? காட்பாடியில் ரயிலை விட்டு இறங்கும் வெளியூர்க்காரர் ஆட்டோக்காரரிடம் ‘டேக் மீ டு த ஃபோர்ட்’ என்கிறார். வேலூரில் கோட்டை ஒன்றுதான். அவருக்கும் தெரியும், ஆட்டோக்காரருக்கும் தெரியும். அதனால் த ஃபோர்ட். ‘டேக் மீ டு எ ஃபோர்ட்’ என்று சொல்லியிருந்தால், ஏதோ ஒரு கோட்டைக்குக் கொண்டுபோய் விடு, எதுவானாலும் பரவாயில்லை என்று அர்த்தம். ஆட்டோக்காரர் ஆரணிக்கு வண்டியைத் திருப்பினாலும் சண்டை போட முடியாது. ஆகவே பொருள் பெரிதா சிறிதா, உயர்ந்ததா தாழ்ந்ததா என்று யோசிக்க வேண்டியதில்லை. ஒரே கேள்விதான்: நான் எதைச் சொல்கிறேன் என்று கேட்பவருக்குத் தெரியுமா? தெரியும் என்றால் தி. தெரியாது, அப்போதுதான் முதலில் சொல்கிறேன் என்றால் எ.

தமிழில் ஆர்ட்டிகிள் இல்லை, அதனால் நமக்கு வராது என்று பலர் சொல்வார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். வீட்டில் உடம்பு சரியில்லாதவரிடம் ‘மாத்திரை சாப்பிட்டியா?’ என்று கேட்கிறோம். ‘மாத்திரையைச் சாப்பிட்டியா?’ என்றும் கேட்கிறோம். இரண்டும் ஒன்றா? முதல் கேள்வியில் ஏதாவது மாத்திரை போட்டாயா என்றுதான் விசாரிக்கிறோம். இரண்டாவதில் இருப்பது டாக்டர் எழுதிக்கொடுத்து, நாம் வாங்கி வந்து, மேஜைமேல் வைத்துவிட்டுப் போன அந்த மாத்திரை. அந்த ஒரு ஐ, இங்கிலீஷில் த டேப்லெட். ஐ இல்லாவிட்டால் எ டேப்லெட். படிக்காத பாட்டிகூட இதில் தப்பு செய்வதில்லை. ‘வீடு பார்த்தேன்’, ‘வீட்டைப் பார்த்தேன்’ என்று நீங்களே சொல்லிப் பாருங்கள். வாடகைக்கு வீடு தேடுகிறவர் முதலாவதைச் சொல்வார், புரோக்கர் ஏற்கெனவே சொன்ன வீட்டுக்குப் போய் வந்தவர் இரண்டாவதைச் சொல்வார்.

எ, ஆன் விஷயத்தில் ஒரு சின்னச் சிக்கல். உயிரெழுத்துக்கு முன்னால் ஆன் என்று பாடம் பண்ணியிருப்போம். எழுத்தைப் பார்க்கக் கூடாது, சத்தத்தைக் கேட்க வேண்டும். தமிழில் ஓர் ஊர், ஒரு நாள் என்று எழுதுகிறோம். தமிழில் பெரும்பாலும் எழுத்தும் சத்தமும் ஒன்றாகவே போவதால் தொந்தரவில்லை. இங்கிலீஷில் இரண்டும் ஆளுக்கு ஒரு பக்கம் போகும். ஹவர் என்று எழுதுவார்கள், அவர் என்று சொல்வார்கள். அதனால் ஆன் அவர். யுனிவர்சிட்டி ‘யூ’ என்ற எழுத்தில் தொடங்கினாலும் வாயில் வருவது ‘ய்’, அதனால் எ யுனிவர்சிட்டி. ஒன் என்பதில் வருவது ‘வ்’, அதனால் எ ஒன்-ருபீ காயின். சுருக்கப் பெயர்களிலும் இதே கணக்குதான். எம்.எல்.ஏ. என்று சொல்லும்போது முதலில் வருவது எ என்ற உயிர். ஆகவே ஆன் எம்.எல்.ஏ. அதேபோல ஆன் எஃப்.ஐ.ஆர்., ஆன் எல்.ஐ.சி. பாலிசி. ஆனால் எ வி.ஐ.டி. ஸ்டூடன்ட், எ சி.எம்.சி. நர்ஸ். தி என்ற சொல்லுக்கும் இந்தச் சத்தக் கணக்கு உண்டு. மெய்க்கு முன்னால் லேசாக ‘த’: த புக், த ரிவர். உயிருக்கு முன்னால் ‘தி’: தி ஆப்பிள், தி இன்ஜின். வானொலியில் பேசுவதில் இது ஒரு சௌகரியம், காதாலேயே கேட்டுவிடலாம்.

இந்த ஆன் பழைய ஆள். ஒன்று என்ற சொல்லிலிருந்து வந்தவர். இங்கிலீஷ்காரர்களே இவரிடம் ஏமாந்திருக்கிறார்கள். ராணிப்பேட்டை, ஆம்பூர் தோல் தொழிற்சாலைகளில் கட்டிக்கொள்கிறார்களே ஏப்ரன், அதன் பழைய பெயர் நேப்ரன். ‘எ நேப்ரன்’ என்று சொல்லிச் சொல்லி, கேட்டவர்கள் அதை ‘ஆன் ஏப்ரன்’ என்று பிரித்துவிட்டார்கள். ‘ந்’ என்ற எழுத்து கைமாறிப் போனது, திரும்பி வரவே இல்லை.

அடுத்து, ஆர்ட்டிகிளே போடாமல் விடுகிற இடம். வேலூர்க்காரர்கள் கவனிக்க வேண்டிய இடமும் இதுதான். தொரப்பாடியில் மத்திய சிறை இருக்கிறது. அங்கே காய்கறி இறக்கப் போகிறவரும் ஜெயிலுக்குப் போகிறார், தண்டனை அனுபவிக்கிறவரும் ஜெயிலுக்குப் போகிறார். தமிழில் இரண்டுக்கும் ஒரே வாக்கியம், இடம் பார்த்துப் புரிந்துகொள்கிறோம். இங்கிலீஷில் ‘ஹீ வென்ட் டு ஜெயில்’ என்றால் கைதியாகப் போனார். ‘ஹீ வென்ட் டு த ஜெயில்’ என்றால் அந்தக் கட்டடத்துக்கு வேறு வேலையாகப் போனார். காய்கறிக்காரரின் மானம் ஒரு ‘த’வில் நிற்கிறது! ஸ்கூல், சர்ச் எல்லாம் இப்படித்தான். மாணவி ‘கோஸ் டு ஸ்கூல்’, மார்க் ஷீட் வாங்கப் போகும் அவள் அப்பா ‘கோஸ் டு த ஸ்கூல்’. நாம் பழகிய பிரிட்டிஷ் வழக்கில் ஹாஸ்பிடலும் இதே வரிசை. ‘மை ஃபாதர் இஸ் இன் ஹாஸ்பிடல்’ என்றால் அப்பா படுக்கையில் இருக்கிறார். துணைக்கு வந்து வெளியே உட்கார்ந்திருக்கும் மகன் இருப்பது ‘அட் த ஹாஸ்பிடல்’. அமெரிக்காவில் நோயாளிக்கும் த போட்டுவிடுவார்கள், அதைக் கேட்டுக் குழம்ப வேண்டாம்.

ஊர்ப் பெயர்களில் பெரிதாக ஒன்றுமில்லை. வேலூர், ஆற்காடு, இந்தியா எதற்கும் தி வேண்டாம். ஆற்றுக்கும் மலைத்தொடருக்கும் வேண்டும்: த பாலார், த ஜவ்வாது ஹில்ஸ். ரயில் பெயருக்கும் வேண்டும்: த பிருந்தாவன் எக்ஸ்பிரஸ். ‘மை பிரதர் இஸ் இன் கல்ஃப்’ என்று எழுதுபவர்கள் ‘இன் த கல்ஃப்’ என்று மாற்றிக்கொள்ளலாம். பதவிப் பெயரில் ஒரு நுணுக்கம் உண்டு. நம் ஊரிசுக் கல்லூரியில் படித்த டாக்டர் ராதாகிருஷ்ணன் 1962-ல் ‘பிகேம் ப்ரெசிடென்ட் ஆஃப் இந்தியா’. ஒருவர்தான் வகிக்க முடிகிற பதவி, பிகேம் என்பதற்குப் பின்னால் வந்தால், தி இல்லாமலே எழுதலாம்.

இப்போது ஒரு பத்தியையே எழுதிப் பார்ப்போம். ஐடா ஸ்கடர் பற்றி என்று வைத்துக்கொள்ளுங்கள். தமிழில் இப்படி இருக்கும்: ‘ஐடா ஸ்கடர் 1870-ல் ராணிப்பேட்டையில் பிறந்தார். அவர் டாக்டர். 1900-ல் வேலூரில் ஒரு படுக்கையோடு மருத்துவமனை தொடங்கினார். 1918-ல் பெண்களுக்கு மருத்துவப் பள்ளி ஆரம்பித்தார். பள்ளி பிறகு கல்லூரியானது.’ முதல் பொறி ‘அவர் டாக்டர்’. நம் பிள்ளைகளில் பாதிப்பேர் ‘ஹீ இஸ் டாக்டர்’ என்று எழுதுவார்கள். ஒரே வரியில் மூன்று தப்பு. காலமாகிவிட்டவர், அதனால் வாஸ். ஐடா பெண், அதனால் ஷீ. தொழிலைச் சொல்லும்போது எ கட்டாயம். ஷீ வாஸ் எ டாக்டர். அடுத்த வரியில் ‘எ ஒன்-பெட் கிளினிக்’, ஆன் இல்லை. ஒன்-ருபீ காயினுக்குச் சொன்ன காரணமேதான். பிறகு ‘எ மெடிக்கல் ஸ்கூல் ஃபார் விமன்’. முதல் தடவை சொல்வதால் எ. கடைசி வரியில் அதே பள்ளியைச் சொல்கிறோம், கேட்பவருக்கு இப்போது தெரியும், ஆகவே ‘த ஸ்கூல் பிகேம் எ காலேஜ்’. கல்லூரி புதிது, அதற்கு எ.

அந்த ‘அவர்’தான் நம்மைப் படுத்துகிறது. மரியாதை கொடுக்கிறது, ஆணா பெண்ணா என்று சொல்வதில்லை. இங்கிலீஷ் தலைகீழ்: ஆணா பெண்ணா என்று கேட்கிறது, மரியாதையைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. கலெக்டரம்மாவும் ஷீதான், வீட்டில் சண்டை போடும் தங்கையும் ஷீதான். மரியாதை குறைந்துவிடுமோ என்று சிலர் ‘எச்.எம். மேடம் செட், தே வில் கம் டுமாரோ’ என்பார்கள். நம் ‘அவங்க’ அங்கே தே ஆகிவிட்டது. கேட்பவர் நாலைந்து பேரை எதிர்பார்ப்பார். ஆனால் ஆள் யாரென்றே தெரியாதபோது ஒருவருக்கும் தே போடலாம். ‘சம்ஒன் ஹாஸ் லெஃப்ட் தேர் பேக் இன் த பஸ்’ என்பது நல்ல இங்கிலீஷ்தான், பல நூற்றாண்டாகவே வழக்கில் உள்ளது.

இன்னொரு வித்தியாசம். தமிழில் வினைச்சொல்லே ஆளைச் சொல்லிவிடும். ‘நேத்து குடியாத்தம் போனேன்’ என்றால் போதும், நான் என்று தனியாகச் சொல்ல வேண்டாம். ‘வென்ட்’ என்ற சொல்லுக்கு அந்த வால் இல்லை. ஐ வென்ட், ஷீ வென்ட், தே வென்ட் என்று முன்னால் ஆள் நிற்க வேண்டும். ஆளே இல்லாத வாக்கியத்திலும் ஒரு இட் கொண்டுவந்து நிறுத்துவார்கள். மே மாதத்து வேலூர் வெயிலில் நாம் ‘அப்பா, என்னா வெயில்!’ என்போம். இங்கிலீஷில் ‘இட் இஸ் ஹாட்’. எது ஹாட் என்று கேட்டால் பதில் கிடையாது. மழைக்கும் மணிக்கும் அதே இட். இதற்கு நேர்மாறாக, ‘மை பிரதர், ஹீ இஸ் வொர்க்கிங் இன் ராணிப்பேட்டை’ என்று இரட்டிப்பாகவும் சொல்வோம். பிரதர் வந்த பிறகு ஹீ எதற்கு?

நாம், நாங்கள் என்ற அழகான பிரிவு இங்கிலீஷில் இல்லை. ‘வீ ஆர் கோயிங் டு ஏலகிரி’ என்று ஒருவர் சொன்னால், நம்மையும் சேர்த்துத்தானா என்று தெரியாது. பையைக் கட்டிக்கொண்டு நிற்பதற்கு முன்னால் கேட்டுக்கொள்வது நல்லது.

ஐ, மீ குழப்பத்துக்கு ஒரு எளிய சோதனை. கூட இருக்கும் ஆளைத் தூக்கிவிட்டுப் படியுங்கள். ‘அம்மா கேவ் மை பிரதர் அண்ட் ஐ எ ஹண்ட்ரட் ருபீஸ்’ சரியா? பிரதரை எடுத்தால் ‘கேவ் ஐ’ என்று நிற்கும், காது ஒத்துக்கொள்ளாது. ஆகவே மை பிரதர் அண்ட் மீ. இன்டர்வியூவில் ‘மைசெல்ஃப் குமார்’ என்று எழுந்து நிற்கும் பழக்கத்தையும் விட்டுவிடலாம். ‘ஐ ஆம் குமார்’ போதும். மைசெல்ஃப் என்றால் என்னமோ படித்த தோரணை என்று நினைத்துவிட்டோம், எதிரே உட்கார்ந்திருப்பவருக்கு அப்படிப் படுவதில்லை.

ப்ரோநவுனுக்கும் கடைசியில் அதே கோட்டைக் கேள்விதான்: யாரைச் சொல்கிறேன் என்று கேட்பவருக்குத் தெரியுமா? ‘ரவி டோல்ட் குமார் தட் ஹீ ஹாட் பாஸ்ட்’. யார் பாஸ்? ரவியா, குமாரா? தமிழில் ‘தான் பாஸாகிவிட்டதாக ரவி குமாரிடம் சொன்னான்’ என்றால் சந்தேகமே இல்லை, ரவிதான். இந்தத் ‘தான்’ செய்கிற வேலையைச் செய்ய இங்கிலீஷில் ஆள் இல்லை. கூச்சப்படாமல் பெயரையே இன்னொரு தடவை எழுதுங்கள், அல்லது ‘ஐ ஹாவ் பாஸ்ட்’ என்று ரவி சொன்னதை அப்படியே மேற்கோளாகப் போட்டுவிடுங்கள்.

பெயரைத் திரும்பச் சொல்லவும் வேண்டாம், ஹீ போட்டு மாட்டிக்கொள்ளவும் வேண்டாம் என்று அலுவலகங்களில் ஒரு குறுக்கு வழி கண்டுபிடித்திருக்கிறார்கள்: ‘த சேம்’. ‘ஐ ஹாவ் என்க்ளோஸ்ட் தி அப்ளிகேஷன். கைண்ட்லி அப்ரூவ் த சேம்.’ மனு எழுதிக் கொடுக்கிறவர்கள் இதை ஒரு மந்திரம் போலப் போடுகிறார்கள். அந்த இடத்துக்கு இட் போதும்: ‘ப்ளீஸ் அப்ரூவ் இட்’. மனு இதனால் தள்ளுபடி ஆகாது, நான் உறுதி.

நன்றி, வணக்கம்.