ஆடுகிறவருக்கா, வாங்குகிறவருக்கா? ‘வாங்குகிறவருக்கே’ அணியிலிருந்து ஒரு பேச்சு

நடுவர் ஐயாவுக்கும், இந்த மழையிலும் டர்பனின் இந்தச் சாட்ஸ்வொர்த் மண்டபம் வரைக்கும் வந்து உட்கார்ந்திருக்கும் பெரியவர்களுக்கும், பின்வரிசையில் கார்டுக் கட்டு வைக்கும் டெக் பாக்ஸை மடியில் வைத்துக்கொண்டு காத்திருக்கும் பிள்ளைகளுக்கும் வணக்கம்.

மேஜிக்: த கேதரிங் என்ற கார்டு ஆட்டம் இன்றைக்கு யாருக்காக நடக்கிறது, ஆடுகிறவருக்கா, வாங்குகிறவருக்கா என்பது தலைப்பு. ஆடுகிறவருக்கே என்று எதிரணித் தங்கை பேசி முடித்தார், நன்றாகவே பேசினார். புது ஆட்கள் நிறைய வந்திருக்கிறார்கள், விற்பனை இதுவரை பார்க்காத உயரத்தில் இருக்கிறது, பிடிக்காத கார்டை வாங்கு என்று யாரும் யார் கழுத்திலும் கத்தி வைக்கவில்லை. இந்த மூன்றும்தான் அவர் பேச்சின் சாரம். நான் வாங்குகிறவருக்கே என்ற அணியில் இருக்கிறேன். வருத்தத்தோடுதான் இருக்கிறேன், ஏனென்றால் பள்ளிக்கூட நாளிலிருந்து இதை ஆடி வருகிறேன், இனியும் ஆடுவேன்.

மேஜிக் தெரியாத பெரியவர்களுக்கு முதலில் ஒரு வார்த்தை. துனீ என்ற நம் சீட்டாட்டம் உங்கள் எல்லோருக்கும் தெரியும். 24 சீட்டு, நாலு பேர், இரண்டு ஜோடி. ஜாக்கிக்கு 30, ஒன்பதுக்கு 20, ஏஸுக்கு 11, பத்துக்கு 10, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2, எல்லாம் கூட்டினால் 304. டர்பனில் எந்த வீட்டு வராந்தாவில் போய் உட்கார்ந்தாலும் இதே கணக்குதான். என் தாத்தாவின் சீட்டுக்கட்டு மூலையெல்லாம் மழுங்கி, விரல் பட்ட இடம் கறுத்துப் போயிருக்கும். அந்தக் கட்டில் இருக்கும் ஜாக்கியும் இன்றைக்குக் கடையில் பிரித்த கட்டின் ஜாக்கியும் 30 தான். மேஜிக் வேறு மாதிரி. 1993-ல் ரிச்சர்ட் கார்ஃபீல்ட் உருவாக்கிய அந்த ஆட்டத்தில் உங்கள் கட்டை நீங்களே சேர்க்க வேண்டும். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் மூடின பேக்கை வாங்கிப் பிரித்து, நமக்கு வேண்டாததை நண்பனிடம் கொடுத்து, அவனிடம் இருப்பதைக் கெஞ்சி வாங்கி, அப்படி ஒரு டெக் தேறுவதற்கே மாதக் கணக்கு ஆகும், அந்தச் சேர்க்கிற வேலைதான் பாதி ஆட்டம். ஆகவே வாங்குவது என்பது முதல் நாளிலிருந்தே இதற்குள் இருக்கிறது, அதை நான் மறுக்கவே இல்லை. அன்றைக்கு ஆடுவதற்காக வாங்கினோம். இன்றைக்கு விற்பதற்காக ஆட்டத்தை வளைக்கிறார்கள். என் வாதம் அவ்வளவுதான்.

சரி, வேகத்தை எடுத்துக்கொள்வோம். நான் ஆட வந்த காலத்தில் ஸ்டாண்டர்ட் போட்டிக்கு, அதாவது அண்மையில் வந்த கார்டுகளை மட்டும் வைத்து ஆடும் முறைக்கு, வருடத்துக்கு நாலு செட், நாலு புதுக் கார்டுத் தொகுப்பு வரும். மூன்று மாதம் ஒரு செட்டோடு குடும்பம் நடத்துவோம், அதற்குள் ஒவ்வொரு கார்டும் பரிச்சயமாகிவிடும், எதிரே இருப்பவர் கார்டைத் தலைகீழாக வைத்தாலும் படத்தைப் பார்த்தே இது இன்னது என்று சொல்லிவிடுவோம். 2025-ல் ஆறு செட் வந்தது. ஈதர்டிரிஃப்ட், டார்கீர், ஃபைனல் ஃபேன்டஸி, எட்ஜ் ஆஃப் எடெர்னிடீஸ், ஸ்பைடர்மேன், அவதார், சராசரியாக இரண்டு மாதத்துக்கு ஒன்று. 2026-க்கு ஏழு என்று அறிவித்தார்கள். இதற்கு நடுவில் பெரும்பாலும் இணையத்தில் விற்கிற சீக்ரெட் லேயர் தொகுப்புகள் வேறு. 2023-ல் ஸ்டாண்டர்டில் ஒரு கார்டு ஏறக்குறைய இரண்டு வருடம் செல்லும் என்று இருந்ததை மூன்று வருடமாக நீட்டினார்கள், அதற்கு மனதாரக் கைதட்டியவன் நான், ஏனென்றால் ஒருமுறை போட்ட காசு இன்னொரு வருடம் உழைக்கும். ஆனால் செட்டும் கூடிக்கொண்டே போனால் அந்த நீட்டிப்பு என்ன ஆகும்? ஆடுவதற்கு வைத்திருக்க வேண்டிய கார்டுகளின் குவியல் முன்பைவிடப் பெரிதாகிவிட்டது. வெள்ளிக்கிழமை ராத்திரி மேசையில் வந்து பாருங்கள், ஒருவர் கார்டை வைத்தால் எதிரே இருப்பவர் அதைக் கையில் எடுத்து, கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய், பொடி எழுத்தை முழுக்கப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுக்கிறார். அடுத்த கார்டுக்கும் அதே. பத்து வருடம் ஆடியவர்களும் படித்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

கழுத்தில் கத்தி வைக்கவில்லை என்றாரே தங்கை, அதற்கு வருகிறேன். 2023-ல் லார்ட் ஆஃப் த ரிங்ஸ் செட் வந்தது. அருமையான செட், அதைச் செய்தவர்கள் கதையை நேசித்துச் செய்திருக்கிறார்கள் என்பது கார்டுக்குக் கார்டு தெரியும். அது ஸ்டாண்டர்டில் செல்லாது, ஆகவே பிடிக்காதவர்கள் ஒதுங்கிக்கொள்ள முடிந்தது, அப்போது தங்கை சொல்வது நியாயம். 2025-லிருந்து வெளிக் கதைகளின் செட்டும் ஸ்டாண்டர்டில் செல்லும் என்று ஆக்கிவிட்டார்கள். ஃபைனல் ஃபேன்டஸி என்ற வீடியோ கேமின் செட்டில் விவி ஆர்னிடியர் என்று ஒரு கார்டு, ஜூன் 13 அன்று வெளிவந்தது. சில வாரங்களில் பெரிய போட்டிகளில் எங்கே பார்த்தாலும் அதுதான். நவம்பர் 10 அன்றுதான் அதைத் தடை செய்தார்கள். அந்த ஐந்து மாதமும் ஸ்டாண்டர்ட் ஆடுகிறவருக்கு இரண்டே வழி, விவியை வாங்கு, இல்லையென்றால் விவியிடம் தோற்றுப் போ. கத்தி கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்று இல்லையே ஐயா.

அடுத்தது காசு. 2022 நவம்பரில் ஆட்டத்தின் 30 வருடத்துக்கு ஒரு சிறப்புப் பதிப்பு போட்டார்கள். பேக்குக்கு 15 கார்டு, நாலு பேக் சேர்ந்து 999 டாலர். 60 கார்டு! பின்பக்க அச்சு வேறு என்பதால் அதிகாரப்பூர்வப் போட்டியில் அதை ஆடவும் முடியாது. அன்றைய மாற்றுக் கணக்கில் ஏறக்குறைய 17,000 ரான்ட். அந்த வருடம் நம் தென்னாப்பிரிக்காவின் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 23 ரான்ட் 19 சென்ட். வாரம் 45 மணி நேரம் வேலை செய்கிறவர் சாப்பிடாமல், வாடகை கொடுக்காமல், நாலு மாதம் உழைத்தால் அந்த நாலு பேக் கிடைக்கும். ஆட முடியாத ஒரு கார்டை, ஆட்டத்தின் பெயரைச் சொல்லி, ஆட்டத்தின் பிறந்தநாளுக்கு விற்றால், அது யாருக்கு? மேஜிக்கை வெளியிடும் விஸார்ட்ஸ் நிறுவனத்தின் தாய் நிறுவனம் ஹாஸ்ப்ரோ. அதே மாதம் பேங்க் ஆஃப் அமெரிக்கா அந்த ஹாஸ்ப்ரோ பங்கின் மதிப்பீட்டை இறக்கியது. அளவுக்கு மேல் அச்சடித்து இந்த ஆட்டத்தைக் கறக்கிறார்கள் என்பதுதான் அவர்கள் சொன்ன காரணம். பொன்முட்டை இடுகிற வாத்தின் கதை நமக்குப் பாட்டி சொன்னது, அதை ஒரு வங்கி வந்து ஹாஸ்ப்ரோவுக்குச் சொல்ல வேண்டியிருந்தது.

என்னை உண்மையிலேயே உலுக்கியது 2024 செப்டம்பர். கமாண்டர் என்று நாலு பேர் சேர்ந்து ஆடும் முறை ஒன்று, நூறு கார்டு டெக், இன்றைக்கு நம்மில் நிறையப் பேர் ஆடுவது அதைத்தான். அதை ஆட்டக்காரர்களே உருவாக்கினார்கள், விதிகளையும் ஒரு சிறு குழு நிறுவனத்துக்கு வெளியே இருந்து பார்த்துக்கொண்டது. செப்டம்பர் 23 அன்று அந்தக் குழு மானா கிரிப்ட், ஜுவல்ட் லோட்டஸ், டாக்சைட் எக்ஸ்டார்ஷனிஸ்ட், நாடு என்று நாலு கார்டுகளைத் தடை செய்தது. முதல் மூன்றும் ஆரம்பச் சுற்றுகளிலேயே ஒருவரை எட்டிப்பிடிக்க முடியாத தூரத்துக்குக் கொண்டுபோய்விடுகின்றன, நாடு ஒருவரின் முறையையே நீட்டிக்கொண்டு போகிறது, மற்ற மூன்று பேரும் உட்கார்ந்து வேடிக்கைதான் பார்க்கிறார்கள் என்பது அவர்கள் கவலை. ஆட்டக்காரர் பக்கம் நின்று எடுத்த முடிவு அது. என்ன நடந்தது? கார்டின் விலை சரிந்தது, விலை சரிந்ததும் அந்தக் குழுவில் இருந்தவர்களுக்கு மிரட்டல் வந்தது, ஒரே வாரம்தான், செப்டம்பர் 30 அன்று கமாண்டரை விஸார்ட்ஸ் நிறுவனத்தின் கையில் ஒப்படைத்துவிட்டு விலகிக்கொண்டார்கள்.

மிரட்டியவர்களைத் திட்டிவிட்டுப் போவது சுலபம், திட்டவும் வேண்டும். ஆனால் ஒரு காகிதத் துண்டுக்காக மனிதனை மனிதன் மிரட்டும் அளவுக்கு அந்தக் காகிதத்தைச் சொத்து ஆக்கியது யார்? மானா கிரிப்டை அந்தத் தடைக்குப் பத்து மாதம் முன்னால்தான் பளபளக்கும் நியான் மையில் மறுபடி அச்சடித்து, விலை உயர்ந்த கலெக்டர் பேக்குக்குள் தூண்டில் புழுவாக வைத்தார்கள். 2023-ல் உலகத்திலேயே ஒன்றே ஒன்று என்று மோதிரக் கார்டு ஒன்றை அச்சடித்து ஒரு பேக்குக்குள் ஒளித்து வைத்தார்கள். அதைக் கடைசியில் பாடகர் போஸ்ட் மலோன் வாங்கினார், இரண்டு மில்லியன் டாலர் என்று செய்தி வந்தது. அந்தக் கார்டை யாரும் ஆடப் போவதில்லை. பேக் பிரிக்கும் ஒவ்வொரு பிள்ளையும் நமக்கும் ஒரு நாள் அடிக்கும் என்று நினைக்கப் போகிறது.

துனீயில் காசு வைத்து ஆடி வீட்டை இழந்தவர்களை நம் பெரியவர்கள் பார்த்திருக்கிறார்கள். எங்கள் வீட்டில் காசு வைத்து ஆடக்கூடாது என்று பாட்டி போட்ட கட்டளை இன்றும் நிற்கிறது. அதனால்தான் இதைச் சொல்லும்போது எனக்குக் குரல் உயருகிறது, மன்னிக்க வேண்டும்.

விற்பனைக்கு வருவோம். ஃபைனல் ஃபேன்டஸி ஒரே நாளில் 200 மில்லியன் டாலர் விற்றது என்று ஹாஸ்ப்ரோ தலைவரே சொன்னார், அந்தத் தொகையைத் தொட லார்ட் ஆஃப் த ரிங்ஸுக்கு ஆறு மாதம் ஆனதாம். எதிரணி இதைப் பெருமையாகச் சொன்னது. அந்த நாளை நான் எங்கள் பக்கத்திலிருந்து சொல்கிறேன். என் அக்கா மகளுக்கு 12 வயது, அந்த வீடியோ கேமை ஆடி வளர்ந்தவள். ஒரு பாக்ஸ் வாங்கவில்லை, ஆறே பேக் வாங்க மூன்று மாதம் காசு சேர்த்தாள். வெளியான அன்று காலையிலேயே கூட்டிப் போனேன். கடையின் பெயர் வேண்டாம், அலமாரி காலி. வெளியே வாகனம் நிறுத்தும் இடத்தில் ஒருவர் பிரிக்காத பாக்ஸ்களைக் காரின் பின்பக்கம் அடுக்கிக்கொண்டிருந்தார், பிளாஸ்டிக் உறைகூடக் கசங்கவில்லை. அதே வாரத்தில் அந்த மாதிரி பாக்ஸ்கள் இணையத்தில் வேறு விலைக்கு வந்தன. அந்த 200 மில்லியனில் இப்படி அடுக்கப்பட்ட பாக்ஸும் இருக்கிறது, அவளுடைய ஆறு பேக் இல்லை. விற்றதெல்லாம் ஆடப்படுகிறது என்று நினைத்தால் கணக்கு தப்பாகிவிடும்.

புது ஆட்கள் வந்தார்கள் என்பது உண்மை. அக்கா மகளே அப்படி வந்தவள்தான், பிறகு தனித்தனிக் கார்டாக வாங்கி டெக் கட்டிக்கொண்டாள். வந்தவர்களை உட்கார வைப்பதற்கு ஆட்டத்துக்கென்று ஒரு வீடு வேண்டும், அதைத்தான் இழந்துகொண்டிருக்கிறோம். ஸ்பைடர்மேன் செட்டைப் பாருங்கள். காகிதத்தில் ஸ்பைடர்மேன் என்று இருக்கும் கார்டு, மேஜிக்கைக் கணினியில் ஆடும் அரீனா திரையில் வேறு பெயரோடும் வேறு படத்தோடும் வருகிறது, ஏனென்றால் டிஜிட்டல் உரிமை இவர்களிடம் இல்லை. ஒரே கார்டுக்கு இரண்டு பெயர்! வாடகை வீட்டில் ஆணி அடிக்க வேண்டுமென்றாலும் வீட்டுக்காரரைக் கேட்க வேண்டும் என்பார்களே, அந்த நிலைமை. 2026-ன் ஏழு செட்டில் நாலு வாடகை வீடு.

சொந்த வீடு எப்படி இருந்தது என்று சொல்லட்டுமா? 2016-ல் கலாதேஷ் என்று ஒரு உலகம் வந்தது. பித்தளைக் கம்பி சுருள்சுருளாக வேலைப்பாடு செய்த கோபுரங்கள், புதுமை செய்கிறவர்களின் ஊர், இந்தியச் சாயலை அடியொற்றி வரைந்தது. அந்தப் பெயர் சிலர் காதில் தப்பாக விழும் என்று 2025-ல் அவிஷ்கார் என்று மாற்றினார்கள், அதில் எனக்குக் குறை இல்லை. அந்த உலகத்தில் சந்திரா நாலார் என்று நெருப்பைக் கையாளும் ஒரு பெண், அவளுடைய அம்மா பியா நாலார். பியா கார்டை ஆட மூன்று மானா, அதாவது ஆட்டத்தில் செலவழிக்கும் சக்தி, வேண்டும். மேசையில் வைத்தவுடன் கூடவே ஒரு சின்னப் பறக்கும் இயந்திரம் பிறக்கும், தன் கையால் செய்து மகளிடம் பறக்கவிட்ட பொம்மை மாதிரி. முதன்முதலில் அந்தக் கார்டைக் கையில் எடுத்தபோது படத்தில் இருந்த பெண்ணின் முகம் எங்கள் தெருவில் பார்க்கும் முகமாக இருந்தது. பதின்ம வயதிலிருந்து எல்லா உலகத்து ராஜா ராணிகளையும் கையில் பிடித்திருந்த எனக்கு, நம்மைப் போல ஒருத்தி அங்கே பட்டறை வைத்திருக்கிறாள் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. ஸ்பைடர்மேன் எனக்கும் பிடிக்கும், ஆனால் அவனுக்கு இருக்க இடம் ஏராளம். பியாவுக்கு இந்த ஒரு ஆட்டம்தான் வீடு.

இன்னொன்று. லோட் ஷெட்டிங் உச்சத்தில் இருந்த 2023-ல் ஒரு ராத்திரி, எங்கள் வீட்டில் நாலு பேர் கமாண்டர் ஆடிக்கொண்டிருந்தோம், கரண்ட் போய்விட்டது. அம்மா மெழுகுவர்த்தியைக் கொண்டுவந்து நடுவில் வைத்தார். பிளாஸ்டிக் உறை எல்லாம் வெளிச்சத்தில் மின்னி எழுத்து தெரியவில்லை, அதனால் ஒவ்வொருவரும் கார்டைச் சாய்த்துப் பிடித்து உரக்கப் படித்துக் காட்டினோம், பொய் சொல்ல வழி இருந்தும் யாரும் சொல்லவில்லை. மழுங்கின மூலைக் கார்டும் இருந்தது, நண்பன் பேனாவால் எழுதிய மாற்றுக் கார்டும் இருந்தது. இரண்டரை மணி நேரம் கழித்து கரண்ட் வந்தபோது, விளக்கைப் போட வேண்டாம், இந்தச் சுற்று முடியட்டும் என்றார் தாத்தா. அவருக்கு மேஜிக் தெரியாது, துனீ கணக்கில் யார் யாரை ஏமாற்றப் பார்க்கிறார்கள் என்று மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்.

மணி அடித்துவிட்டார்கள் ஐயா, முடிக்கிறேன். என் பையில் நாலு டெக் இருக்கிறது, எதிலும் விலை உயர்ந்த கார்டு ஒன்றுகூடக் கிடையாது. தீர்ப்புக்கு முன்னால் சாப்பாட்டு இடைவேளை என்று சொன்னார்கள். பின்வரிசைப் பிள்ளைகளும், ஆசை இருக்கும் பெரியவர்களும் கடைசி மேசைக்கு வாருங்கள், அக்கா மகள் அங்கே உட்கார்ந்திருப்பாள், அவள் சொல்லிக் கொடுப்பாள். எதிரணித் தங்கைக்கும் ஒரு நாற்காலி போட்டு வைக்கிறேன்.