பார்த்தவுடன் வாசிக்கும் சொற்கள்: வன்னியில் முன்பள்ளிப் பிள்ளைக்கு எங்கிருந்து தொடங்குவது?

[திரையில்: பிஸ்கட் பெட்டி மட்டையில் வெட்டிய ஓர் அட்டை. கறுப்பு மையில் 'பட்டம்' என்று எழுதியிருக்கிறது.]

குரல்: வணக்கம். முன்பள்ளிக்குப் போகும் பிள்ளைக்கு வீட்டில் வாசிப்பை எப்படித் தொடங்குவது என்று தேடினால், போனில் முதலில் வருவது ஆங்கிலச் சொல்லட்டைகள்தான். காட்டு, சொல்ல வை, மனப்பாடமாக்கு. அதே வேலையைத் தமிழ்ச் சொற்களை வைத்துச் செய்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். போதாது. ஏன் என்று பார்ப்போம்.

[திரையில்: 1936 என்ற ஆண்டு. கீழே 220 என்ற எண்.]

குரல்: அமெரிக்கக் கல்வியாளர் எட்வர்ட் டோல்ச் 1936இல் 220 ஆங்கிலச் சொற்களைப் பட்டியலிட்டார். சிறுவர் புத்தகங்களில் திரும்பத் திரும்ப வருகிற சின்னச் சின்னச் சொற்கள். பெயர்ச்சொற்களை அதில் சேர்க்கவில்லை. அவற்றில் 95ஐத் தனிப் பட்டியலாக வைத்தார். இந்தச் சொற்களில் பலவற்றை எழுத்துக் கூட்டி வாசிக்க முடியாது. எஸ், ஏ, ஐ, டி என்ற நான்கு எழுத்தையும் எப்படிக் கூட்டினாலும் 'செட்' என்ற ஒலி வராது. அதனால் பார்த்துப் பார்த்தே மனதில் பதிய வேண்டும்.

தமிழில் அந்தத் தொல்லை குறைவு. எழுத்துத் தெரிந்தால் பெரும்பாலும் சொல் வந்துவிடும். 'கல்', 'தங்கை', 'அகப்பை' மூன்றிலும் க ஒரே மாதிரி ஒலிப்பதில்லை, உண்மைதான். ஆனால் தமிழ் பேசி வளரும் பிள்ளை அதைத் தானாகவே சரிசெய்துகொள்ளும். எங்கள் சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது.

[திரையில்: குளம் – குளத்தில் – குளத்துக்கு – குளத்தடி. ஒவ்வொன்றாக வருகிறது.]

குரல்: 'குளம்' என்ற அட்டையைப் பிள்ளை படம் மாதிரி மனதில் பிடித்துவிட்டது என்று வையுங்கள். புத்தகத்தைத் திறந்தால் 'குளத்தில் தாமரை' என்று இருக்கிறது. கடைசியில் இருந்த 'ம்' காணவில்லை. மனப்பாடம் செய்த படம் உடைந்துபோனது. வீடு 'வீட்டில்' ஆகும், மரம் 'மரத்தடி' ஆகும். சொல்லை முழுசாக மட்டும் பிடித்த பிள்ளை இங்கே தடுமாறும். எழுத்தையும் சேர்த்துப் பிடித்த பிள்ளை 'குள' வரைக்கும் வந்து, மிச்சத்தை ஊகித்துவிடும்.

இன்னொன்று. பிள்ளையின் வாயில் இருப்பது 'பஸ் வந்திட்டுது'. புத்தகத்தில் இருப்பது 'பஸ் வந்துவிட்டது'. இந்த மாதிரிச் சொற்களை அட்டையில் எழுத வேண்டாம். நீங்கள் கதை வாசிக்கும்போது காதில் விழட்டும், அது போதும். அட்டைக்கு வாயிலும் புத்தகத்திலும் ஒரே மாதிரி இருக்கிற சொற்களை எடுங்கள்: நான், நீ, இது, அது, ஒரு, வா, போ, இல்லை, அம்மா, அப்பா. எல்லாவற்றுக்கும் முன்னால் பிள்ளையின் சொந்தப் பெயர். தன் பெயரை வாசிக்கப் பழகுவதைப் போல ஆசையாக எந்தப் பிள்ளையும் வேறு சொல்லைப் பழகுவதில்லை.

[திரையில்: ப, ட, ம என்று மூன்று பெரிய எழுத்துகள். கை அவற்றை இடம் மாற்றி வைக்கிறது.]

குரல்: தமிழில் எழுத்துகள் மொத்தம் 247. நாலு வயதில் அந்த எண்ணை நினைத்துப் பயப்பட வேண்டாம். மூன்றை எடுங்கள்: ப, ட, ம. ப, ட இரண்டும் நேர்கோட்டு எழுத்துகள், ம-வில் மட்டும் ஒரு வளைவு. மூன்றும் கண்ணுக்குச் சுலபம். புள்ளியையும் சேர்த்தால் படம், மடம், பட்டம், மட்டம் எல்லாம் கிடைக்கும். தைப்பொங்கல் காலத்தில் பட்டம் ஏற்றாத பிள்ளை உண்டா? அந்த அட்டையை நீட்டினால் கை தானாக வரும்.

புள்ளியில் மட்டும் கொஞ்சம் மினைக்கெட வேண்டும். 'ம' என்று வாய் திறந்து சொல்லுங்கள். பிறகு உதட்டை மூடி 'ம்' என்று சொல்லிக்கொண்டே மேலே புள்ளியை வையுங்கள். ம-வில் உதடு மூடினால் புள்ளி. பிள்ளைக்கு இது விளையாட்டு. கொக்கு, தேன், பை மாதிரிச் சொற்கள் கொஞ்சம் பொறுக்கட்டும். அவற்றில் உயிர்க்குறி எழுத்துக்கு முன்னால் வந்து நிற்கிறது, ஒலி பின்னால் வருகிறது. சின்னப் பிள்ளைக்கு அது குழப்பம்.

[திரையில்: இரணைமடு வாய்க்கால் ஓரம். பாட்டியும் பேத்தியும்.]

அம்மம்மா: அங்கை என்ன நிக்குது குஞ்சு?

பிள்ளை: கொக்கு.

அம்மம்மா: ஓம், வெள்ளைக் கொக்கு. ஒத்தைக் காலிலை நிக்குது. ஏன் அசையாமல் நிக்குது?

பிள்ளை: மீன் பிடிக்க.

அம்மம்மா: ஓம், மீன் வரும் மட்டும் காத்துக்கொண்டு நிக்குது. துருசு திறந்தால் தண்ணி இழுக்குமே, அப்ப மீனுக்கு என்ன நடக்கும்?

குரல்: கவனித்தீர்களா? பிள்ளை ஒரு சொல் சொன்னது. அம்மம்மா அதை வாங்கி, இன்னும் இரண்டு மூன்று சொல் சேர்த்துத் திருப்பிக் கொடுத்தார். பிறகு 'ஓம், இல்லை' என்று முடிக்க முடியாத கேள்வி ஒன்று கேட்டார். அமெரிக்க உளவியலாளர் குரோவர் வைட்ஹர்ஸ்ற்றும் உடன் ஆய்வாளர்களும் 1988இல் வெளியிட்ட ஆய்வில் படப் புத்தகத்தை வைத்து இதையேதான் பெற்றோருக்குப் பழக்கினார்கள். அந்தப் பிள்ளைகளின் பேச்சு மற்றப் பிள்ளைகளைவிட முன்னேறியது. எங்கள் அம்மம்மாமாருக்கு யாரும் பழக்கத் தேவையில்லை, நேரம் மட்டும் கிடைத்தால் சரி.

என்னைக் கேட்டால், அட்டையைவிட இதுதான் பெரிய வேலை. வாயில் இல்லாத சொல்லை எழுத்துக் கூட்டி வாசித்தாலும் பிள்ளைக்கு ஒன்றும் விளங்காது. போரில் பள்ளிக்கூடம் இடைநடுவில் நின்றுபோன பலர் இன்று அம்மா அப்பாவாக இருக்கிறார்கள். 'எனக்கே வாசிப்பு வடிவாக வராது' என்று அவர்கள் ஒதுங்கத் தேவையில்லை. ஆட்டுப்பட்டியில் எது கிடாய், எது மறி, எது குட்டி என்று சொல்லிக் கொடுக்கப் புத்தகம் வேண்டாம். வரம்பு, வாய்க்கால், அலைகரை, வடலி, பாளை, குளம் வான் பாய்வது எல்லாம் பிள்ளையின் சொத்து. நகரத்தில் அச்சடித்த அட்டைப் பெட்டியில் ஆப்பிளும் இக்லூவும் இருக்கும், வடலி இருக்காது.

[திரையில்: ஏ9 வீதி. பஸ் பெயர்ப்பலகைகள். முறிகண்டிப் பிள்ளையார் கோவிலடியில் கச்சான் கடைகள்.]

குரல்: வீட்டில் புத்தகம் இல்லையென்றால் வீதி இருக்கிறது. பஸ் வரும்போது 'இது மாங்குளம் பஸ்ஸா, வவுனியா பஸ்ஸா?' என்று கேளுங்கள். மூன்று மொழிப் பலகையில் எங்கள் எழுத்து எது என்று காட்டச் சொல்லுங்கள். முறிகண்டியில் பஸ் நிற்கும்போது 'கச்சான்' என்ற சொல்லைக் கண்டுபிடித்தால்தான் கச்சான் என்று ஒரு சின்னப் பந்தயம். இதற்கு மறுப்புச் சொல்லும் பிள்ளையை நான் இன்னும் காணவில்லை.

அட்டை வேலை ஒரு நாளைக்கு ஐந்து நிமிடம் போதும். கொட்டாவி விட்டால் நிறுத்துங்கள். கொப்பியும் பென்சிலும் கொடுத்து இருபது தரம் எழுதச் சொல்ல வேண்டாம், விரல் இன்னும் அதற்குப் பழகவில்லை. மணலில் விரலால் எழுதட்டும். பக்கத்து வீட்டுப் பிள்ளை 'அ'னாவிலிருந்து 'ஃ' வரைக்கும் ஒப்புவிக்கிறதே என்று கவலைப்படவும் வேண்டாம். ஒப்புவிப்பது வேறு, வாசிப்பது வேறு.

[திரையில்: கிளினிக் வாசலில் தாயும் பிள்ளையும்.]

குரல்: கடைசியாக ஒன்று. இரண்டரை வயது தாண்டியும் 'அம்மா வா' மாதிரி இரண்டு சொல்லைச் சேர்த்துச் சொல்லாத பிள்ளை, கூப்பிட்டால் திரும்பிப் பார்க்காத பிள்ளை என்றால் அட்டையை ஓரமாக வைத்துவிடுங்கள். காது வடிவாகக் கேட்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். உங்கள் பகுதி குடும்பநல மாதுவிடம் சொல்லுங்கள், எங்கே போக வேண்டும் என்று அவர் வழி காட்டுவார். போகும்போது கிளினிக் அட்டையையும் எடுத்துக்கொண்டு போங்கள்.