கடலோர நகரில் திட்டமில்லாமல் ஒரு நாள்

நேயர்களுக்கு வணக்கம்.

தோன்றியவுடன் கிளம்பிப் போகிற பயணத்துக்குக் கடலோர நகரத்தைப் போல இடம் கொடுக்கும் ஊர் வேறில்லை. மற்ற ஊர்களில் எதை முதலில் பார்ப்பது, எதைப் பிறகு பார்ப்பது என்று நாம் உட்கார்ந்து முடிவு செய்ய வேண்டும். கடற்கரை ஊரில் நீரும் காற்றும் வெளிச்சமும் அந்த வரிசையைப் போட்டுத் தந்துவிடும். அவற்றைப் பார்த்துப் புரிந்துகொள்ளத் தெரிந்தால் பட்டியல் எதுவும் வேண்டாம்.

ஊருக்குள் இறங்கியதும் ஒன்றை மட்டும் விசாரித்துக்கொள்ளுங்கள்: திரும்புவதற்குக் கடைசி வண்டி எத்தனை மணிக்கு? அதற்கு முந்தைய வண்டியின் நேரத்தையும் கேட்டுக்கொள்வது நல்லது. கடைசி வண்டியை நம்பியிருப்பவருக்கு அது வராமல் போனால் வேறு வழியில்லை. இந்த ஒரு நேரம் கையில் இருந்தால், மீதி நாள் முழுவதையும் மனம் போன போக்கில் விட்டுவிடலாம். கரையோரமாகப் போகும் பேருந்தில் ஏறிக் கடைசி நிறுத்தம் வரை போய், அங்கிருந்து நடந்தே திரும்பிப் பாருங்கள். வழி தவறாது, போகும்போது வலப்பக்கம் இருந்த கடல், வரும்போது இடப்பக்கம் இருக்கும், அவ்வளவுதான். கடல் இரண்டு பக்கமும் சூழ்ந்த முனைகளிலும் தீவுகளிலும் மட்டும் இந்தக் கணக்கு குழப்பும். அங்கே சூரியனைப் பார்த்துத் திசை பிடிக்க வேண்டும்.

அடுத்து, ஓதம், அதாவது கடல்நீர் ஏறி இறங்குவது. பெரும்பாலான கரைகளில் கடல் ஒரு நாளில் இரண்டு முறை ஏறி, இரண்டு முறை வற்றுகிறது. ஒரு ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் இடையே ஏறத்தாழ 12 மணி 25 நிமிடம். பூமி ஒரு சுற்று சுற்றி முடிப்பதற்குள் சந்திரனும் கொஞ்சம் முன்னே நகர்ந்துவிடுவதால், ஒவ்வொரு நாளும் நேரம் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். இன்று காலை 8 மணிக்கு நீர் முழுவதும் வற்றியிருந்தால், நாளை 8.50 வாக்கில் வற்றும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்றமும் பெரிது, வற்றமும் பெரிது. இடைப்பட்ட அரைநிலா நாட்களில் இரண்டும் குறைவு.

கையில் ஓத நேர அட்டவணை இல்லையென்றாலும் கவலையில்லை, மணலைப் பாருங்கள். பாசியும் சிப்பியும் குப்பையும் ஒரே கோடாக ஒதுங்கியிருந்தால், கடைசி ஏற்றம் தொட்ட இடம் அதுதான். அந்தக் கோட்டுக்கும் அலைக்கும் நடுவில் ஈரமணல் அகலமாகிக்கொண்டே போனால் நீர் வற்றுகிறது. காய்ந்த மணலை அலை புதிதாக நனைத்தால் ஏறுகிறது.

வற்றும் நேரம்தான் நடப்பதற்குப் பொன்னான நேரம். ஈரமணல் இறுகிக் கிடப்பதால் கால் புதையாது. பல வெப்பக் கரைகளில் அப்போது குனிந்து பார்த்தால், சிறு துளையைச் சுற்றிக் கடுகளவு, மிளகளவு மணல் உருண்டைகள் கதிர் கதிராகப் பரவிக் கிடக்கும். விரல் நகம் அளவுள்ள நண்டு ஒன்று மணலை வாயில் வாங்கி, அதிலுள்ள நுண்ணிய உணவை எடுத்துக்கொண்டு, மிச்சத்தை உருட்டிப் போட்டது அது. துளையைச் சுற்றியே மேய்வதால் அந்தக் கோலம் வருகிறது. அசையாமல் இரண்டு நிமிடம் நின்றால் நண்டு வெளியே வந்து வேலையைத் தொடரும். அடுத்த ஏற்றம் எல்லாவற்றையும் அழித்துவிடும்.

பாறை முனைகளைச் சுற்றி நடப்பவர்கள் ஒரு கணக்கை நினைவில் வையுங்கள். வற்றிய நீர் ஏறுவதற்கு எடுக்கும் ஆறு மணி நேரத்தில், முதல் மணியில் பன்னிரண்டில் ஒரு பங்குதான் ஏறும். மூன்றாம், நான்காம் மணிகளில் மட்டும் பாதி ஏறிவிடும். முதலில் மெதுவாக வருகிறதே என்று அசந்திருப்பவர்கள் பாறைக்கும் நீருக்கும் நடுவில் மாட்டிக்கொள்வது இதனால்தான். ஆகவே நீர் வற்றிக்கொண்டிருக்கும்போதே புறப்பட்டு, முழுவதும் வற்றியவுடன் திரும்பிவிடுங்கள். பச்சைப் பாசி படிந்த பாறையில் கால் வைக்கவே வேண்டாம்.

படகுச் சவாரி செய்ய நினைத்தால் காலையில் செய்யுங்கள். வெயில் ஏற ஏற நிலம் கடலைவிட வேகமாகச் சூடாகிறது. சூடான காற்று மேலே எழும்ப, அந்த இடத்துக்குக் கடலிலிருந்து குளிர்ந்த காற்று ஓடிவருகிறது. முற்பகலில் தொடங்கும் இந்தக் கடற்காற்று பிற்பகலில் உச்சத்தை அடையும்போது தண்ணீரும் கொந்தளிக்கும். காலையில் சுகமாக இருந்த அதே படகு மூன்று மணிக்குக் குமட்ட வைக்கும். காற்று சில்லென்று வீசுவதால் தோல் எரிவது தெரியாது என்பதும் இருக்கிறது. புற ஊதாக் கதிரில் சுமார் 15 சதவீதத்தை உலர்ந்த மணலும், 25 சதவீதத்தைக் கடல் நுரையும் திருப்பி அடிக்கின்றன. குடை பிடித்தாலும் கீழிருந்து தாக்கும். நடுப்பகலைக் கரையில் கழிக்காமல் நகரத்தின் பழைய சந்துகளுக்குக் கொடுத்துவிடுங்கள்.

திடீரென்று கடலில் இறங்கத் தோன்றுமே, அப்போது ஒரு நிமிடம் நின்று பாருங்கள். இருபுறமும் அலை உடைய, நடுவில் மட்டும் உடையாமல், கருத்து, அமைதியாகத் தெரியும் பட்டை குளிக்கத் தோதான இடம் போலத் தோன்றும். பெரும்பாலும் அதுதான் நீர் கடலுக்குள் திரும்பி ஓடும் வாய்க்கால். அதில் சிக்கினால் கரையை நோக்கி எதிர்நீச்சல் போட்டுக் களைத்துப்போகக் கூடாது. கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, அலை உடையும் இடத்துக்கு வந்த பிறகு கரைக்குத் திரும்ப வேண்டும். நீந்தித் தப்ப முடியவில்லை என்றால் மிதந்தபடியே கையை உயர்த்தி உதவி கேளுங்கள். உயிர்காப்பாளர் இல்லாத கரையில் கணுக்கால் நனைவதோடு நிறுத்திக்கொள்வதே சரி.

மாலை வெளிச்சம் இன்னும் எவ்வளவு நேரம் என்று கையாலேயே அளக்கலாம். கையை நன்றாக நீட்டி, விரல்களை மடக்கி முட்டி பிடித்தால், அதன் அகலம் வானத்தில் சுமார் 10 பாகை. நிலநடுக்கோட்டை ஒட்டிய ஊர்களில் சூரியன் மணிக்கு 15 பாகை இறங்கும். எனவே அடிவானத்துக்கும் சூரியனுக்கும் நடுவில் ஒரு முட்டி இடைவெளி இருந்தால் 40 நிமிடம். வடக்கிலோ தெற்கிலோ விலகிப்போகப் போக, சூரியன் சாய்வாக இறங்குவதால் இன்னும் கூடுதல் நேரம் கிடைக்கும். சூரியனை நேராக உற்றுப் பார்க்காமல் கையை ஓரமாகப் பிடித்து அளவிடுங்கள். கலங்கரை விளக்கத்தில் ஏற அனுமதி இருந்தால் அந்த நேரத்துக்கு ஏறிவிட வேண்டும். கரையில் நிற்பவருக்கு அடிவானம் 5 கிலோமீட்டருக்குள்தான்; கடல் மட்டத்திலிருந்து 40 மீட்டர் உயரத்தில் நின்றால் அது 22 கிலோமீட்டருக்கு மேல் விரியும்.

அங்கேயே தங்கத் தோன்றினால், தொடர் விடுமுறை நாட்களைத் தவிர, கரையை ஒட்டிய தெருவை விட்டு இரண்டு மூன்று தெரு உள்ளே போய் அறை தேடுங்கள். பணம் கொடுக்கும் முன் அறையைத் திறக்கச் சொல்லி, சுவரில் ஈரம் ஏறியிருக்கிறதா, உப்புக் காற்றில் ஜன்னல் கொக்கி துருப்பிடித்து இறுகியிருக்கிறதா என்று பாருங்கள். கடலைப் பார்த்த ஜன்னல்தான் வேண்டும் என்று அடம்பிடிக்கவும் வேண்டாம். இரவில் நிலம் முந்திக் குளிர்ந்துவிடுவதால், காற்று பெரும்பாலும் திசை மாறி நிலத்திலிருந்து கடலுக்கு வீசும். அப்போது ஊர்ப்பக்கம் திறக்கும் ஜன்னல்தான் காற்று தரும்.