வலி மட்டும் போதுமென்றால் 1943 வரை ஏன் ஆயிற்று?

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். தமிழ்நாட்டில் பொதுவுடைமைக் கட்சிக்கு அறிவு அடித்தளம் போட்டது புத்தகமா, போராட்டக் களமா என்பது கேள்வி. புத்தகம்தான் என்பது எங்கள் அணி. களம்தான் என்று எதிரணி நண்பர் அடித்துச் சொன்னார். பசித்தவனுக்குப் பாடம் எதற்கு என்று கேட்டுக் கைதட்டலும் வாங்கினார்.

சரி, கீழத்தஞ்சைக்கே போவோம். அங்கே பண்ணையாளைச் சவுக்கால் அடித்தார்கள். மாட்டுச் சாணத்தைத் தண்ணீரில் கரைத்து வாயில் ஊற்றினார்கள். சாணிப்பால் என்று அதற்குப் பெயரே இருந்தது. தலைமுறை தலைமுறையாக நடந்த கொடுமை இது. வலி மட்டுமே போதுமென்றால், அங்கே தென்பரை என்ற ஊரில் விவசாயிகள் சங்கம் அமைய 1943 வரை ஏன் ஆயிற்று? சங்கம் கட்ட அங்கே போன பொதுவுடைமைத் தலைவர் பி.சீனிவாசராவ் தென் கன்னடப் பகுதியில் பிறந்தவர். பண்ணையார் சவுக்கின் கீழ் வளர்ந்தவர் அல்ல. அவர் கொண்டுபோனது ஒரு விளக்கம்: இது தலைவிதி இல்லை, நிலம் யார் கையில் இருக்கிறது என்பதால் வந்த வினை. அந்த விளக்கம் படிப்பில் வந்தது ஐயா!

படிப்பைத் தமிழுக்குக் கொண்டுவந்தவர் யார்? சிங்காரவேலர். மீனவர் குடும்பத்தில் பிறந்த வக்கீல். வீட்டிலேயே பெரிய நூலகம் வைத்திருந்தவர். 1923-இல் சென்னைக் கடற்கரையில் மே தினம் கொண்டாடினார், 1925-இல் கான்பூர் கம்யூனிஸ்ட் மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார். அப்படிப்பட்டவர் பெரியாரின் ‘குடி அரசு’ இதழில் டார்வினைப் பற்றியும் அறிவியல் பற்றியும் எழுதினார். தொழிற்சங்கத் தலைவருக்கு டார்வின் எதற்கு? கிரகம்தான் தன்னை ஆட்டிவைக்கிறது என்று நம்புகிறவன் முதலாளியிடம் எப்படிக் கணக்குக் கேட்பான்? அதே ‘குடி அரசு’வில்தான் 1931-இல் கம்யூனிஸ்ட் அறிக்கை தமிழில் வந்தது. அப்புறம், ‘நான் ஏன் நாத்திகன்?’ என்ற பகத்சிங்கின் கட்டுரையை மொழிபெயர்த்ததற்காகப் பொதுவுடைமைத் தலைவர் ஜீவாவை வெள்ளைக்கார அரசு கைது செய்தது. எழுத்துக்கு வலு இல்லையென்றால் விலங்கு எதற்கு?

எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்குப் புத்தகம் எப்படிப் போய்ச் சேரும் என்றார் நண்பர். ஒருவர் உரக்கப் படிப்பார், பத்துப் பேர் உட்கார்ந்து கேட்பார்கள். காதால் படித்ததும் படிப்புத்தான்.

கடைசியாக, கீழத்தஞ்சையில் விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைக் குடிசையோடு எரித்த வெண்மணியைச் சொன்னார். 1968 டிசம்பர் 25 இரவு எரிந்துபோன அந்த 44 பேர் முன்னால் நானும் தலைகுனிந்து நிற்கிறேன். ஆனால் அதற்கு முன் நடந்ததையும் அவர் சொல்லியிருக்க வேண்டும். பொதுவுடைமையாளரின் செங்கொடிச் சங்கத்தை விட்டு விலகுங்கள், எங்கள் நெல் உற்பத்தியாளர் சங்கத்தில் சேருங்கள் என்று மிராசுதார்கள் நெருக்கினார்கள். வெண்மணித் தொழிலாளர்கள் மறுத்தார்கள். கூலி நெல் மட்டும்தான் வழக்கு என்றால் கொடியை இறக்கிவிட்டுப் பிழைத்திருக்கலாமே! ஏன் இறக்கவில்லை? எதிரணி அதற்குப் பதில் சொல்லட்டும்.